தலைப்பாகையும் 11 மாதமும்: பம்பாயின் பழைய வாடகை வீடுகள் பற்றி

மும்பையின் ஓவல் மைதானத்தில் நின்று கிழக்கே நோக்கினால், உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் 19ஆம் நூற்றாண்டின் கோதிக் கோபுரங்களோடு தெரிகின்றன. மேற்கே திரும்பினால், 1930களில் எழுந்த ஆர்ட் டெகோ பாணிக் குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. வளைந்த பால்கனிகள், உயர்ந்த கூரைகள், காற்றோட்டத்திற்கென அளந்து வைத்த பெரிய சன்னல்கள். இவ்விரு வரிசைகளையும் மரைன் டிரைவின் கடலோர வளைவையும் உள்ளடக்கிய பகுதியை 2018இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன் பின் இக்கட்டடங்களின் வடிவம் குறித்து ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை வாடகைக்கு விடுவதற்காகவே கட்டப்பட்டவை என்னும் செய்திதான் அவ்வெழுத்துகளில் அருகியே காணப்படுகிறது.

இன்று இப்பகுதியில் அத்தகைய பழைய, விசாலமான வீடொன்றை வாடகைக்குத் தேடும் ஒருவர் விந்தையான நிலையைக் காண்பார். அடுத்தடுத்த இரண்டு வீடுகள்; ஒரே அளவு, ஒரே கடற்காற்று. ஒன்றில் மூன்றாம் தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பம் மாதம் சில நூறு ரூபாய் வாடகை தருகிறது. மற்றொன்றில் சில இலட்சங்களைத் தருபவர் 11 மாதமோ சற்றுக் கூடுதலோ தங்கிவிட்டு வெளியேறுகிறார். பேச்சு வழக்கில் இருவரும் ‘வாடகைக்கு இருப்பவர்கள்’. சட்டத்தின் கண்ணில் அவர்கள் இரு வேறு இனத்தவர். முன்னவர் ‘டெனன்ட்’, பின்னவர் ‘லைசென்சீ’. இவ்விரு சொற்களுக்கும் இடையே பம்பாய் நகரின் ஒரு நூற்றாண்டு அடங்கியிருக்கிறது.

இக்கதையின் தொடக்கம் 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோயில் இருக்கிறது. நெரிசலே நோய்க்குக் காரணம் எனக் கருதிய காலனிய அரசு 1898இல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்டை நிறுவியது. 1933இல் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை அந்த டிரஸ்ட் சந்துகளை இடித்துச் சாலைகளை அமைத்தது. தாதர், மாதுங்கா போன்ற வடபகுதி நிலங்களை மனைகளாக்கி நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது. தெற்கே, ஆளுநர் ஜார்ஜ் லாயிடின் காலத்தில் 1920இல் தொடங்கப்பட்ட வளர்ச்சித் துறை, பேக்பே கடலைத் தூர்த்து நிலமாக்கும் பெருந்திட்டத்தைக் கையிலெடுத்தது. செலவு கட்டுக்கடங்காமல் போயிற்று. திட்டத்தின் சீர்கேடுகளை வழக்கறிஞர் கே. எஃப். நாரிமன் அம்பலப்படுத்தினார். ‘லாயிடின் மடமை’ என்று ஊர் அதனை எள்ளியது. திட்டமிட்ட எட்டுப் பகுதிகளில் பாதியே நிலமாயின. ஓவலுக்கு மேற்கிலும் மரைன் டிரைவிலும் எழுந்த குடியிருப்புகள் அவ்வாறு மீட்ட நிலத்தின் மீது நிற்பவை.

1930களின் பொருளாதாரச் சூழலில் பஞ்சு, துணி, தானிய வணிகத்தில் ஈட்டிய பணத்திற்குப் பாதுகாப்பான முதலீடு தேவைப்பட்டது. வாடகைக் கட்டடம் அத்தகைய முதலீடாகத் தோன்றியது. சிமென்ட் நிறுவனங்களின் விளம்பரங்களும், இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம் 1937இல் நடத்திய இலட்சிய இல்லக் கண்காட்சியும் ‘நவீன வாழ்க்கை’ என்னும் கனவைப் பரப்பின. கஜானன் மாத்ரே போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்கள் அக்கனவுக்கு உருவம் தந்தனர். மரைன் டிரைவின் மூலையில் இன்றும் நிற்கும் சூனா மஹால் அவர் வடிவமைத்தது.

அன்றைய பம்பாய்க்கு ‘ஃபிளாட்’ என்பதே புதுமை. அதுவரை நகரின் பெருவழக்கான குடியிருப்பு ‘சால்’. நீண்ட தாழ்வாரம், வரிசையாக அறைகள், தள மூலையில் பொதுக் கழிவறை என்பது அதன் அமைப்பு. புதிய வீட்டின் தனிச்சிறப்பு அதன் பரப்பளவில் இல்லை. சமையலறை, குளியலறை, கழிவறை மூன்றும் ஒரே கதவுக்குள் அடங்கியதில் இருந்தது. கழிவறை வீட்டிற்குள் வருவது சுகாதாரப் பொறியியலின் மாற்றம் மட்டுமன்று, சாதிய ஒழுங்கோடு செய்துகொண்ட சமரசமுமாகும். பழைய கட்டடங்கள் பலவற்றின் பின்புறத்தில் காணப்படும் குறுகிய படிக்கட்டு, துப்புரவுப் பணியாளரும் வேலையாட்களும் முன்வாயிலைத் தொடாமல் வந்து செல்வதற்கென அமைந்தது. நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட ‘ஹவுஸ், பட் நோ கார்டன்’ என்னும் நூல், மாதுங்காவை முன்வைத்து இவ்வுருமாற்றத்தை விரிவாக ஆராய்கிறது. அரசு அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் பணியாற்ற வந்த தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் பார்ப்பனர்கள், மாதுங்காவின் வாடகை வீடுகளில்தான் குடியேறினர். ஊரில் சாதியாலும் உட்பிரிவாலும் அறியப்பட்டவர்கள், இங்கு ‘தென்னிந்தியர்’ என்னும் புதிய அடையாளத்தின் கீழ் ஒன்றுசேர்ந்தனர். 1932இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பெயரே அதற்குச் சான்று.

இக்குடும்பங்களுக்கு நகரில் நிலம் இல்லை. வாங்கும் வசதியும் இல்லை. மாதச் சம்பளமும் வாடகைச் சீட்டும் இருந்தன. பின்புறப் படிக்கட்டு காட்டும் சாதிய எல்லைகளுக்கு உட்பட்டே ஆயினும், முன்பின் அறியாத ஊருக்கு வந்த அந்நியர் நிலையான வாழ்வு அமைத்துக்கொள்ள வாடகை ஒரு வாயிலாக இருந்தது. பின்னர் நிகழ்ந்ததை மதிப்பிடுவதற்கு இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

வாடகைக் கட்டுப்பாடு பம்பாய்க்குப் போரின் வழியே வந்தது. முதல் உலகப் போரின் விலையேற்றத்தில் வாடகைகள் ஏற, 1918இல் போர்க்கால வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாம் உலகப் போரும் பிரிவினையும் நெரிசலை உச்சத்திற்குக் கொண்டுசென்றபோது, 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் பிறந்தது. ‘ஸ்டாண்டர்டு ரென்ட்’ என்பது அதன் மையக் கருத்து. தமிழில் ‘நிர்ணய வாடகை’ எனலாம். 1940 செப்டம்பர் 1 அன்று ஒரு வீட்டின் வாடகை எவ்வளவோ, அதுவே அதன் நிர்ணய வாடகை. அதன் பின்னர் முதன்முறையாக விடப்பட்ட வீடாயின், முதலில் விட்ட தொகையே நிர்ணயம். நிர்ணய வாடகையைச் செலுத்திவரும் குடியிருப்பாளரைச் சட்டம் வகுத்த காரணங்கள் இன்றி வெளியேற்ற இயலாது. அவர் இறந்தால் உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கு அவ்வுரிமை செல்லும்.

இச்சட்டம் அநீதியானதன்று. அகதிகள் வந்திறங்கிக்கொண்டிருந்த நகரில், எந்நேரமும் தெருவில் நிறுத்தப்படலாம் என்னும் அச்சத்திலிருந்து இலட்சக்கணக்கானோரை அது காத்தது. தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவந்த அச்சட்டத்தின் ஆயுள் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு வந்ததுதான் சிக்கல். அரை நூற்றாண்டு கடந்தும் 1940 செப்டம்பர் 1 என்னும் தேதி நகரவில்லை. பண்டங்களின் விலை, கூலி, வரி, பழுதுபார்ப்புச் செலவு யாவும் நகர்ந்தன.

சட்டம் நிறுத்திவைத்த விலையைச் சந்தை வேறு பெயரில் மீட்டுக்கொண்டது. அப்பெயர் ‘பக்டி’. மராத்தியிலும் இந்தியிலும் இச்சொல்லுக்குத் தலைப்பாகை என்று பொருள். மாத வாடகைக்கு மேல், வீட்டிற்குள் நுழைவதற்காக ஒருமுறை தரும் பெருந்தொகையைச் சுட்ட இச்சொல் வழங்கலாயிற்று. ஏற்கெனவே குடியிருப்பவர் வெளியேறும்போது, புதிதாக வருபவரிடம் அத்தொகையைப் பெற்று ஒரு பங்கை உரிமையாளருக்குத் தருவது வழக்கம். 1947ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாறு பணம் பெறுவதைக் குற்றமாக்கியிருந்தது. ஆயினும் வழக்கம் வேரூன்றியது. சீட்டில் எழுதப்படாத பணம், வாய்ச்சொல், நம்பிக்கை ஆகியவற்றின் மீது ஒரு நகரத்தின் வீட்டுச் சந்தை நடந்தது. தமிழில் ‘பகடி’ என்றால் கேலி. இரு சொற்களுக்கும் வேர்த் தொடர்பு கற்பிக்க இடமில்லை. எனினும் சட்டப் புத்தகத்திற்கும் தெருவிற்கும் இடையிலிருந்த தொலைவை நோக்க, தமிழ்க் காதுக்கு அவ்வொலி பொருத்தமாகவே படுகிறது.

பக்டியின் விளைவாக வாடகைதாரர் பாதி உரிமையாளரானார். வீட்டை விற்க முடியாது, கைமாற்றலாம். இடிக்க முடியாது; இடிக்கவிடாமல் தடுக்கலாம். உரிமையாளரோ பெயரளவில் நின்றார். வருமானம் உறைந்துவிட்ட கட்டடத்தைப் பழுதுபார்க்க அவருக்குக் காரணம் இல்லை. புதிதாக வாடகைக்கென வீடு கட்ட எவருக்கும் ஊக்கம் இல்லை. 1960களில் நகரம் சொந்த ஃபிளாட்டுக்கும் கூட்டுறவு வீட்டுச் சங்கத்திற்கும் மாறியது. 1963இல் சொந்தக் குடியிருப்புகளுக்கெனத் தனிச் சட்டமே வந்தது.

எஞ்சிய வாடகைச் சந்தை ஒரு சொல்லுக்குள் புகலிடம் தேடியது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ‘லைசென்ஸ்’ என்பதை வரையறுக்கிறது. பிறர் இடத்தில் ஒன்றைச் செய்வதற்குத் தரப்படும் அனுமதி அது. இடத்தின் மீது எவ்வித உரிமையையும் அது உருவாக்காது. குடியிருக்க வருபவரை ‘டெனன்ட்’ என்று எழுதாமல் ‘லைசென்சீ’ என்று எழுதினால் வாடகைச் சட்டம் தீண்டாது என்பது உரிமையாளர்களின் கணக்கு. ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்னும் இரட்டைச் சொல் மும்பையின் அன்றாடப் பேச்சில் கலந்தது இவ்வாறே. சொல் மாறினால் பொருளும் மாறிவிடுமா என்ற வினாவை உச்சநீதிமன்றம் 1959இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் ஆர். என். கபூர் வழக்கில் எதிர்கொண்டது. ஆவணத்தின் பெயரைவிட அதன் சாரமும், இரு தரப்பினரின் நோக்கமுமே முக்கியம் என்னும் அளவுகோல் அங்கு வகுக்கப்பட்டது. 1973இல் மகாராஷ்டிர அரசு இன்னும் ஒரு படி சென்றது. அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று நடப்பிலிருந்த உரிமத்தின் பேரில் குடியிருந்தவர்களை வாடகைதாரர்களாகவே கருத வேண்டும் எனச் சட்டத்தைத் திருத்தியது. அன்று உள்ளே இருந்தவர்கள் காப்பாற்றப்பட்டனர். அடுத்து வரவிருந்தவர்களுக்கு எதிரே கதவு மேலும் இறுகியது. வீட்டைப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு எனப் பல உரிமையாளர்கள் கருதலாயினர்.

சொற்களின் வேர்களை நோக்கினால் இவ்வேறுபாடு தெளிவாகும். ‘டெனன்ட்’ என்னும் சொல் ‘பற்றியிருத்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘லைசென்ஸ்’, ‘அனுமதிக்கப்படுதல்’ என்னும் பொருளுடையதிலிருந்து. ஒருவர் பற்றியிருக்கிறார், மற்றவர் அனுமதிக்கப்பட்டிருக்கிறார். இந்திய மொழிகளில் இப்பிளவு இல்லை. தமிழின் ‘வாடகை’யும் மராத்தியின் ‘பாடே’யும் ‘பாடக’ என்னும் ஒரே வடசொல்லின் வழியே வந்தவை. இரண்டும் பயன்படுத்துவதற்கான கூலியைச் சுட்டுவன. வீட்டு வாடகைக்குத் தமிழின் பழைய சொல் ‘குடிக்கூலி’. வாடகைக்கு இருப்பவரைக் ‘குடித்தனக்காரர்’ என்பது போலவே, மராத்தி ‘பிர்ஹாட்கரூ’ என்கிறது; ‘பிர்ஹாட்’ என்பது குடித்தனம். இச்சொற்கள் வீட்டில் தங்குபவரை அடுப்பும் பாத்திரமும் மனிதர்களும் கொண்ட ஒரு குடும்பமாகப் பார்க்கின்றன. ‘லைசென்சீ’ என்னும் சொல்லில் குடித்தனம் இல்லை. தேதி மட்டுமே உண்டு.

ஒரே உறைந்த வாடகை நகரின் இரு முனைகளில் இரு வேறு பயன்களைத் தந்தது. மரைன் டிரைவிலும் ஓவலிலும் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். உரிமையாளர் பழுதுபார்க்காவிட்டாலும் அவர்களால் தங்கள் செலவில் பார்த்துக்கொள்ள முடிந்தது. அவ்வீடுகளில் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையிலானவற்றை வங்கிகளும் பெருநிறுவனங்களும் தம் அதிகாரிகளுக்கென வைத்திருந்தன. ஏழை வாடகைதாரருக்கென எழுதிய பாதுகாப்பை அவையும் அனுபவித்தன. கிர்காவ், பெண்டி பஜார், டோங்ரி ஆகிய பகுதிகளின் சால்களில் அதே வாடகை வேறு கதையாயிற்று. சுவர்கள் உதிர்ந்தன. 1969இல் பழுதுபார்ப்பு வாரியம் ஒன்றை அமைத்து, செஸ் வரி வசூலித்து அரசே பழுதுபார்க்க முன்வந்தது. தீவு நகரில் சுமார் 19,000 கட்டடங்கள் அவ்வரியின் கீழ் வந்தன; பணி தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. 2017 ஆகஸ்ட் 31 அன்று பெண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஜூலையில் டோங்ரியிலும் அத்தகைய விபத்து நேர்ந்து உயிர்கள் பறிபோயின. ஓவலில் மரபுச் சின்னமாக நின்ற பழமை, டோங்ரியில் உயிர்ப்பலி கேட்டது.

1997 டிசம்பரில் மால்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில் உச்சநீதிமன்றம், வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவிலேயே வைத்திருப்பது காலப்போக்கில் நியாயமற்றதாகவும் தன்னிச்சையானதாகவும் ஆகிவிட்டது என்று கூறியது. ஆயினும் சட்டத்தின் ஆயுள் 1998 மார்ச் 31இல் முடியவிருந்ததால் அதனைச் செல்லாது என அறிவிக்காமல் விட்டது. அதன் பின் வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 (நடைமுறைக்கு வந்த நாள் 2000 மார்ச் 31) ஒரு பேரத்தின் சாயலைக் கொண்டது. பழைய வாடகைதாரரின் பாதுகாப்பு தொடர்ந்தது. வாடகை ஆண்டுக்கு 4 விழுக்காடு உயரலாம். குற்றமாக இருந்த பக்டி சட்டப்பூர்வமானது. வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், செலுத்தப்பட்ட மூலதனம் 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள் ஆகியவை பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டன. உரிமத்தின் பேரில் குடியிருப்பவர் காலம் முடிந்ததும் வெளியேற வேண்டும். மறுத்தால் இரு மடங்குத் தொகை இழப்பீடாகச் செலுத்த வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இப்பேரத்தின் தன்மை விளங்கும். 2000இல் 200 ரூபாயாக இருந்த வாடகை, 4 விழுக்காடு கூட்டு வளர்ச்சியில், 25 ஆண்டுகளுக்குப் பின் சுமார் 533 ரூபாய். பழையவருக்கு உரிமையாளர் எதுவும் பெரிதாகத் திரும்பப் பெறவில்லை. புதியவருக்குச் சட்டம் எதுவும் தரவில்லை. 11 மாத ஒப்பந்தம் என்னும் வழக்கமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் விதித்ததைத் தவிர்ப்பதற்காகப் பிறந்த கால அளவு அது. மகாராஷ்டிரத்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா வாடகை, உரிம ஒப்பந்தங்களையும் பதிவுசெய்ய வேண்டும் எனக் கூறிய பின், அவ்வெண்ணுக்கு இருந்த காரணம் மறைந்துவிட்டது. காரணம் மறைந்த பின்னும் எண் நிற்கிறது.

புதியவரின் நிலையை மேலும் இறுக்குவது, அவர் யார் என்னும் விசாரணை. பழைய மும்பையின் அழகிய குடியிருப்புகள் பல, சமூகக் குழுக்களின் முன்முயற்சியில் எழுந்தவை. 1915இல் காம்தேவியில் தொடங்கப்பட்ட சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுச் சங்கமும், தாதர் பார்சி காலனியும் அதற்குச் சான்றுகள். நகரில் ஆதரவற்று வந்தவர்களுக்கு அவை அரணாக இருந்தன. அரண் காலப்போக்கில் வேலியாகவும் ஆகலாம். அகமதாபாத்தின் பார்சி வீட்டுச் சங்கம் ஒன்று உறுப்பினர் உரிமையைத் தம் சமூகத்தவருக்கு மட்டும் வரையறுத்ததை 2005இல் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உறுப்பினர் விதிகள் ஒருபுறமிருக்க, எழுதப்படாத விதிகள் வாடகைச் சந்தையில் இயங்குகின்றன. உணவு, மதம், சாதி, மணமானவரா என்னும் வினாக்கள் வாடகைத் தொகைக்கு முன்னரே கேட்கப்படுகின்றன. உரிமம் என்பது அனுமதியே எனில், அனுமதி மறுப்பதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை.

2024 நவம்பர் 5 அன்று, மும்பைச் சொத்துரிமையாளர்கள் தொடுத்த பழைய வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. எல்லாத் தனியார் சொத்தும் ‘சமூகத்தின் பொருள் வளம்’ ஆகிவிடாது என்பது அதன் சாரம். அரசியலமைப்பு அறிஞர்கள் இத்தீர்ப்பை 39ஆம் உறுப்பின் பொருள்கோளாகவே விவாதித்தனர். வழக்கின் மூலத்தில் இருந்தவை மேற்குறித்த செஸ் கட்டடங்களே. குடியிருப்போரில் 70 விழுக்காட்டினர் கோரினால், மாத வாடகையின் 100 மடங்கை இழப்பீடாகத் தந்து கட்டடத்தை அரசு கையகப்படுத்த 1986ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்று வழிவகுத்திருந்தது. 1940ஆம் ஆண்டின் வாடகையை 100ஆல் பெருக்கினால் கிடைப்பது எவ்வளவு சிறிய தொகை என்பதை எண்ணினால், உரிமையாளர்களின் சினம் புரியும். அதே வீடுகளில் கூரையைப் பார்த்தபடி உறங்குவோரின் அச்சமும் புரியும்.

இவ்வரலாற்றை ‘வாடகைக் கட்டுப்பாடு சந்தையைக் கெடுத்தது’ என்னும் பொருளியல் பாடமாக மட்டும் சுருக்குவது எளிது. ‘வாடகைதாரரைக் காத்த சட்டம்’ எனப் புகழ்வதும் எளிது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் காத்தது, குறிப்பிட்ட நாளில் உள்ளே இருந்த வாடகைதாரரை. 1973ஆம் ஆண்டுத் திருத்தமும் அவ்வாறே. வாடகைக்கு வாழ்தல் என்னும் நிலை பாதுகாக்கப்படவில்லை. தேதியோடு பிணைக்கப்பட்ட பாதுகாப்பு, தலைமுறைகள் கடக்கையில், சொத்தாக மாறியது. மாதுங்காவில் 1930களில் ஒரு தட்டச்சர் வெறும் சம்பளச் சீட்டோடு வந்து பெற்ற நிலைத்த வாழ்வை, இன்று அதே தெருவுக்கு ஆய்வு உதவித்தொகையோடு வரும் ஒருவர் பெற இயலாது. அத்தட்டச்சரின் பேரர் அவ்வீட்டை விட்டுச் செல்லவும் இயலாது. விட்டால் மீண்டும் நகருக்குள் நுழைய வழியில்லை.

2021இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. ஏற்பதும் விடுப்பதும் மாநிலங்களின் விருப்பம். முன்பணத்திற்கு எல்லை வகுக்கும் அச்சட்டம், யாருக்கு வீடு மறுக்கப்படலாம் என்பதற்கு எல்லை வகுக்கவில்லை. ஓவலின் பழைய கட்டடங்களுக்கு இன்று மரபுச் சின்னப் பாதுகாப்பு உண்டு. அவற்றின் பால்கனிகளை மாற்ற வேண்டுமெனில் குழுவொன்றின் இசைவு வேண்டும். அப்பால்கனிகளுக்குப் பின்னால் 11 மாதக் கணக்கில் வந்து செல்லும் குடித்தனங்களுக்கு அத்தகைய குழு எதுவும் இல்லை. நகர வரலாற்றை எழுதுவோர் கட்டடத்தின் முகப்பிலிருந்து வாடகைச் சீட்டுக்குத் திரும்ப வேண்டிய தேவை அங்கிருந்தே எழுகிறது. சிறுவழக்கு நீதிமன்றத்தின் பதிவேடுகளும் பழைய ஒப்பந்தத் தாள்களும், கட்டடக் கலைஞரின் வரைபடங்களுக்கு நிகரான ஆவணங்கள்.